‘ஊர்’ என்னும் பெயர் கொண்ட பெருந்தேசம்

ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு நகருக்குச் செல்லும் எவரும் காத்தான்குடியைக் கடந்தே செல்லல் வேண்டும். பிரதான வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைக் கண்டவுடன், வெளியூரார் தம் கண்களை ஒருமுறை கசக்கிக்கொள்வர். எனக்கோ அம்மரங்கள் நாள்தோறும் பழகியவை. கல்லூரிக்குப் போகும் வழியில் அவற்றின் கீழ்ச் சைக்கிளை நிறுத்தி, பலசரக்குக் கடையொன்றில் வீட்டுக்கு வேண்டியவற்றைச் சொல்லிவிட்டுப் போவதும், மாலையில் திரும்பும்போது எடுத்துச் செல்வதும் பல்லாண்டு வழக்கம்.

அண்மையில் ஒருநாள் மாலை அக்கடையிலே நின்றபோது, கடைக்காரக் காக்கா மைசூர்ப் பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தார். சாக்கின் வெளிப்புறத்திலே, ‘கனடாவின் விளைபொருள்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. “மைசூர்ப் பருப்பு என்கிறோம், கனடாவிலிருந்தல்லவா வருகிறது, காக்கா!” என்றேன். “ஓம் சேர், பேர்தான் மைசூர்” என்று அவர் சிரித்தார். என் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர் நின்றிருந்தார். அவருடைய மகன் என்னிடம் புவியியல் கற்றவன். உயர்தரப் பரீட்சை முடித்து வீட்டிலே இருப்பவன். சாக்கைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த அத்தாயார், “சேர், இந்தக் கனடாவுக்குத்தான் பிள்ளையை அனுப்பச் சொல்லுகிறார்கள். படுவான்கரை வயலை விற்றால்தான் காசு சரிவரும். அந்தக் குளிரைப் பிள்ளை தாங்குவானா?” என்று கேட்டார்.

கடை வாசலில் நின்று விடைசொல்லக்கூடிய வினாவன்று அது. பாடசாலைப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும் ஒரு தேசத்தைப் பற்றி, ஒரு தாயார் இரண்டு ஏக்கர் வயலைக் கையிலே வைத்துக்கொண்டு கேட்கிறார். ஆகவே இவ்வாரம் இப்பகுதியில் கனடாவைப் பற்றியே எழுதத் துணிந்தேன். அந்த அம்மையாருக்குச் சொன்னவற்றுடன், சொல்ல நேரமில்லாது போனவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 1535ஆம் ஆண்டில் பிரெஞ்சு மாலுமியாகிய ஜாக் கார்ட்டியே புனித லோரன்ஸ் ஆற்றின் வழியே உள்ளே சென்றபோது, அங்கு வாழ்ந்த பூர்வகுடியினர் தம் குடியிருப்பைச் சுட்டி ‘கனாட்டா’ என்றனர். அச்சொல்லுக்கு ‘ஊர்’ என்பதற்கு மேல் பொருளில்லை. வந்தவரோ அதனை ஒரு தேசத்தின் பெயராகக் கொண்டுவிட்டார். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என எங்கள் பக்கத்தில் ‘குடி’ என்று முடியும் ஊர்கள் பலவுண்டு. அந்தக் ‘குடி’க்கும் ‘கனாட்டா’வுக்கும் பொருள் ஒன்றே.

ஊர் என்று பெயர்; பரப்போ 99,84,670 சதுர கிலோமீற்றர். உலகில் இதைவிடப் பெரிய நாடு ருசியா ஒன்றே. நமது இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். வகுத்துப் பார்த்தால், 152 இலங்கைகளை அத்தேசத்திற்குள் வைக்கலாம். கனடாவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் பொதுவாயுள்ள சுப்பீரியர் என்னும் ஏரி ஒன்றே ஏறக்குறைய 82,000 சதுர கிலோமீற்றர். இத்தீவு முழுவதையும் அந்த ஏரியினுள் இறக்கினாலும் சுற்றிவர நீர் எஞ்சி நிற்கும். மட்டக்களப்பு வாவியைப் பெரிதென எண்ணி வளர்ந்தவர்கள் நாம். வகுப்பில் இக்கணக்கைச் சொல்லும்போதெல்லாம் பின்வாங்கில் இருப்பவர்களும் தலைநிமிர்வதைக் கண்டிருக்கிறேன்.

மட்டக்களப்பார் நிலத்தைப் பகுக்கும் முறை அழகானது. வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. கனடாவையும் இவ்வாறே மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அதன் எழுவான்கரை அத்திலாந்திக் சமுத்திரம். படுவான்கரை பசிபிக் சமுத்திரம். இடையே ஏறக்குறைய 5,500 கிலோமீற்றர். ஒரே நாட்டினுள் ஆறு நேர வலயங்கள் உள்ளன. கிழக்கேயுள்ள நியூபவுண்லாந்துத் தீவின் நேரம், நம் நாட்டு நேரத்தைப் போலவே, அரைமணிக் கணக்கிலே வருவது ஒரு வேடிக்கை.

எழுவான்கரையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வோமாயின், முதலில் வருவன மீன்பிடி ஊர்கள் நிறைந்த கடற்கரை மாகாணங்கள். அங்குள்ள பண்டி விரிகுடாவிலே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நீர்மட்டம் 16 மீற்றர் வரை மாறும். நம் கரையில் அது ஒரு மீற்றரையும் எட்டுவதில்லை. அடுத்து, ஹட்சன் விரிகுடாவைக் குதிரை லாடம்போலச் சூழ்ந்து, தேசத்தின் பாதியளவைக் கொண்டு கிடப்பது கனடியப் பரிசைநிலம் எனப்படும் பழம்பாறைப் பிரதேசம். உலகின் மிகப் பழைய பாறைகளுட் சில, ஏறக்குறைய 400 கோடி ஆண்டு வயதுடையன, இத்தேசத்தின் வடமேற்கிலே கிடைத்துள்ளன. பனியாறுகள் அரித்துச் சென்ற இடமெல்லாம் ஏரிகள், எண்ணத் தொலையாதவை. மண் ஆழமில்லாமையால் அங்கு உழவு இல்லை. காடும் சுரங்கமுமே உண்டு. அதற்கும் மேற்கே, கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான பிரேரிச் சமவெளி. அதன்பின் ரொக்கி மலைகள். அவற்றுக்கு அப்பால் பசிபிக் கரை. உயர்ந்த சிகரம் வடமேற்கு மூலையிலுள்ள லோகன் மலை, 5,959 மீற்றர். நம் பிதுருதலாகலையை இரண்டு முறை அடுக்கினாலும் அதற்குச் சமமாகாது.

காக்காவின் கடைப் பருப்புக்கு வருவோம். பிரேரியிலுள்ள சாஸ்கச்சுவான் மாகாணத்தில் 1970க்கு முன் இப்பருப்பைப் பயிரிட்டோர் அரியர், எல்லாம் கோதுமையே. கோதுமை விலை விழுந்து உழவர் வாடிய வேளையில், 1972இல் சாஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பயிராராய்ச்சியாளர் அல் ஸ்லிங்கார்ட் என்பவர் அம்மண்ணுக்கும் குறுகிய கோடைக்கும் ஏற்ற பருப்பு வகைகளை உருவாக்கினார். அவை பரவின. இன்று உலகிலே இப்பருப்பை மிகுதியாக ஏற்றுமதி செய்வது கனடா. அதில் மிகப் பெரும் பகுதி இந்த ஒரே மாகாணத்தில் விளைவது. நிலம் பனியால் மூடியிருக்கும் மாதங்கள் போக, மே மாதத்தில் விதைத்து ஓகஸ்ட், செப்டெம்பரில் அறுத்துவிடுகிறார்கள். வருடத்தில் ஒரே போகம். பெரும்போகம், சிறுபோகம் என இரண்டு கண்ட நமக்கு அது குறைவாகத் தோன்றும். ஆயினும் அந்த ஒரு போகத்திலிருந்துதான், மட்டக்களப்பில் எத்தனையோ வீட்டுப் பருப்புக்கறி வருகிறது.

இனி, அந்தத் தாயார் கேட்ட குளிர்.

கனடாவின் குளிருக்கு அது வடக்கே இருப்பது மட்டுமே காரணமன்று. ரொறன்ரோ நகரம் ஏறக்குறைய 44 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. இலண்டனோ ஐம்பத்தொன்றையும் தாண்டி வடக்கே உள்ளது. ஆயினும் ரொறன்ரோவின் பனிக்காலமே கடியது. இலண்டனைச் சூழ்ந்த கடல் இளஞ்சூடானது. மேலைக்காற்று அந்தச் சூட்டைக் கரைக்கு ஏற்றிவருகிறது. கனடாவிலோ வடமுனைக்கும் பிரேரிக்கும் இடையே காற்றைத் தடுக்கும் மலையில்லை. வடக்கே உறைந்த குளிர்காற்று, கதவில்லாத வீட்டினுள் நுழைவதுபோல நேரே தெற்கே இறங்கிவிடும். பசிபிக் கடலின் இளஞ்சூட்டை உள்ளே விடாது ரொக்கி மலைகள் மறித்து நிற்கின்றன. கிழக்குக் கரையிலோ, வடக்கிலிருந்து வரும் லாப்ரடோர் குளிர்நீரோட்டம்.

இதனாலே ரொறன்ரோவின் சனவரி இரவுகள் சராசரி பூச்சியத்திற்குக் கீழே ஏழு பாகை செல்சியசு வரை இறங்கும். பிரேரியிலுள்ள வினிப்பெக்கில் இரவும் பகலும் சேர்த்த சராசரியே பூச்சியத்திற்குக் கீழே பதினைந்து பாகைக்கு மேல். யூக்கோன் பிரதேசத்தில் ஸ்நாக் என்னும் சிற்றிடத்தில், 1947 பெப்ரவரி 3ஆந் திகதி, வெப்பமானி பூச்சியத்திற்குக் கீழே 63 பாகையைக் காட்டியது. ஆனால் பசிபிக் கரையிலுள்ள வன்கூவரில் மழைக்காலமே பனிக்காலம். நம் மார்கழி மழையைச் சற்றுக் குளிர வைத்ததுபோல. ‘கனடாவின் சுவாத்தியம் எப்படி?’ என்று கேட்பவரிடம், ‘எந்த ஊரில்?’ என்றுதான் திருப்பிக் கேட்கவேண்டும்.

மாணவர்கள் கவனிக்கத்தக்கது ஒன்று. நமது கரையில் வைகாசி, ஆனி மாதங்களிலே கச்சான் காற்று வீசுகிறது. அது தென்மேற்கே ஈரத்துடன் புறப்பட்ட காற்றுத்தான். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைக் கொட்டிவிட்டு, இப்பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, வறண்ட கச்சானாக நம் முகத்தில் அடிக்கிறது. இதே பௌதிக விதியின்படி, பசிபிக்கிலிருந்து வரும் காற்று ரொக்கி மலைகளின் மேற்கே நீரை இழந்து, கிழக்கே அல்பேட்டா மாகாணத்தில் இளஞ்சூடாக இறங்குகிறது. அதற்கு ‘சினூக்’ என்று பெயர். நடுப்பனிக்காலத்தில் அது வீசத் தொடங்கினால், சில மணி நேரத்தில் இருபது பாகைக்கு மேல் வெப்பம் உயர்ந்து பனி கரைந்தோடுவதும் உண்டு. நாம் சபிக்கும் காற்றின் உடன்பிறப்பை அவர்கள் வரவேற்கிறார்கள்.

குளிர் மட்டுமே கனடா என்று எண்ணுவதும் பிழை. 2021 யூன் 29ஆந் திகதி, பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்தின் லிற்றன் என்னும் சிற்றூரில் 49.6 பாகை வெப்பம் பதிவாயிற்று. மட்டக்களப்பு என்றும் கண்டிராத வெப்பம் அது. மறுநாளே தீ மூண்டு அவ்வூரின் பெரும்பகுதி எரிந்தழிந்தது. அந்த வெப்ப அலையில் அம்மாகாணத்தில் மாத்திரம் 619 பேர் மாண்டதாகப் பின்னர் கணக்கிட்டனர். அவர்களிற் பலர் முதியோர், வீட்டினுள் தனித்திருந்தோர். 2023ஆம் ஆண்டுக் காட்டுத்தீயோ ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஹெக்டேர் காட்டை எரித்தது. நமது தீவைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட பரப்பு அது. 1978 நவம்பர்ச் சூறாவளியிலே ஓடும் ஓலையும் பறந்ததைத் தம் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு, இயற்கையின் சீற்றத்தைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

குளிரைவிட இருள் கொடிது என்பர், அங்கு வாழ்ந்தோர். நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வித்தியாசமும் வாராது. ரொறன்ரோவிலோ யூன் மாதப் பகல் பதினைந்தரை மணிக்குக் கிட்ட. திசெம்பர்ப் பகல் ஒன்பது மணி நேரமே. விடியுமுன் வேலைக்குப் போய், இருண்டபின் வீடு திரும்பி, சூரியனைச் சனி ஞாயிறுகளில் மட்டும் காணும் வாழ்க்கை சில மாதங்களுக்கு உண்டு. 82 பாகைக்கு மேல் வடக்கேயுள்ள அலேர்ட் என்னும் நிலையத்திலோ ஒக்டோபரிலே மறைந்த சூரியன் பெப்ரவரிக் கடைசியிலேதான் மீண்டும் தலைகாட்டும்.

இதைச் சொன்னபோது காக்கா, பருப்புச் சரையைக் கையில் வைத்தபடியே, “அப்ப நோன்பு பிடிக்கிறவன் எப்படி, சேர்?” என்றார். நல்ல கேள்வி. ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கே இனுவிக் என்னும் ஊரில் சிறுதொகை முஸ்லிம்கள் வாழ்கின்றனர். 2010இல் வினிப்பெக்கிலே கட்டப்பெற்ற ஒரு சிறு பள்ளிவாசலை, லொறியிலும் படகிலுமாக நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேற்கொண்டு சென்று அங்கே நிறுத்தினார்கள். கோடையில் சூரியன் மறையாத அவ்வூரில், தெற்கேயுள்ள நகரொன்றின் நேரத்தைக் கணக்கிட்டு நோன்பு திறக்கிறார்கள். கனடாவின் முதற் பள்ளிவாசல் எட்மன்ரன் நகரத்து அல் ரஷீத்; 1938இல் திறக்கப்பட்டது. காக்காவின் பிள்ளைகள் இருவர் கட்டாரில் இருக்கிறார்கள். காத்தான்குடிப் பிள்ளைகள் வெயில் நாட்டுக்கும் ஆரையம்பதிப் பிள்ளைகள் பனி நாட்டுக்குமாக, அடுத்தடுத்த இரண்டு ஊர்கள் எதிரெதிர்த் திசையிலே தம் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கின்றன.

நிற்க. ஏரியெல்லாம் உறைந்துபோனால் மீன் எங்கே போகும் என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். மீனவர் வீட்டுப் பிள்ளை. நீர் நான்கு பாகை வெப்பத்திலே மிகப் பாரமாயிருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் மீண்டும் இலேசாகி மேலே வரும். உறைந்த கட்டியோ இன்னும் இலேசு, மிதக்கும். ஆகவே ஏரி மேலிருந்து கீழாகவே உறைகிறது. மேலே பனிக்கட்டி கூரைபோல மூடிக்கொள்ள, கீழே நீர் நீராகவே இருக்கும், மீனும் உயிரோடிருக்கும். ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள சிம்கோ ஏரியின்மேல் மனிதர் நடந்து சென்று, கட்டியிலே துளையிட்டு, தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறார்கள். நீரின் இயல்பு மட்டும் சற்றே மாறியிருந்தால், வடநாட்டு ஏரிகளில் மீனினமே இராது. கல்லடிப் பாலத்தின்கீழ் பாடும் மீனைத் தேடும் நமக்கு இது ஒரு புதுமை.

சனத்தொகையிலேதான் இத்தேசத்தின் உண்மையான வியப்பு இருக்கிறது. 2021 குடிசன மதிப்பின்படி 3,69,91,981 பேர். 2023 யூன் மாதத்தில் நான்கு கோடியை எட்டினர். இலங்கையில் 2024 மதிப்பின்படி இரண்டு கோடியே பதினேழு இலட்சத்துக்குச் சற்று மேல். அதாவது 152 மடங்கு நிலத்தில் இரண்டு மடங்கு மக்களும் இல்லை. அவர்களும் பரவலாக வாழ்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க எல்லையிலிருந்து நூறு கிலோமீற்றர் தூரத்துக்குள் நெருங்கியிருக்கின்றனர். ஒன்ராறியோ, கியூபெக் என்னும் இரண்டு மாகாணங்களிலேயே பத்தில் ஆறு பேர்.

எஞ்சிய நிலம்? வடக்கே நுனாவுட் என்னும் ஆட்புலம் உண்டு. 1999 ஏப்ரல் 1ஆந் திகதி, இனுவிட் மக்களின் நீண்ட கோரிக்கையின் பயனாகப் பிரித்தமைக்கப்பட்டது. பரப்பு இருபது இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேல். முப்பது இலங்கைகளுக்கு மேற்பட்டது. 2021இல் அங்கு வாழ்ந்தோர் 36,858 பேர். காத்தான்குடியிலே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட சில சதுர கிலோமீற்றருக்குள், 2012ஆம் ஆண்டிலேயே 40,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். ஒரு மதிலுக்கு இருபுறமும் இரண்டு வீடு, ஒழுங்கைக்குள் ஒழுங்கை என வாழும் இவ்வூரார் அனைவரையும் நுனாவுட்டில் விட்டால், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேளாது. காக்கா இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. “அப்ப மனுசனுக்கு ஒரு துன்பம் வந்தா ஆரிட்டச் சொல்லுறது?” என்றார்.

அரசாங்கத்தைப் பற்றி இனிச் சுருக்கமாகச் சொல்வேன். 1867 யூலை 1ஆந் திகதி நான்கு மாகாணங்கள் கூடிக் கனடா ஒரு கூட்டாட்சியாயிற்று. கடைசியாக நியூபவுண்லாந்து 1949இல் வந்து சேர்ந்தது. இன்று பத்து மாகாணங்கள், மூன்று ஆட்புலங்கள். பிரித்தானிய முடிக்குரியவரே கனடாவின் முடிக்குரியவர். அவர் சார்பில் மகாதேசாதிபதி. 1972 வரை நாமும் அவ்வாறே இருந்தோம். மக்கள் தெரிவு செய்யும் கீழ்ச்சபையில் 2025 ஏப்ரல் தேர்தலிலிருந்து 343 ஆசனங்கள். நியமனம் பெறும் செனற் சபையில் 105. நம் செனற் சபை 1971இல் ஒழிக்கப்பட்டது, அவர்களுடையது நிலைத்துவிட்டது. 2021இல் மகாதேசாதிபதியாகப் பதவியேற்ற மேரி சைமன் இனுவிட் இனத்துப் பெண்மணி. பூர்வகுடியினர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதன்முறை.

மாகாணங்களின் அதிகாரத்தைச் சற்று நின்று நோக்கல் வேண்டும். கல்வி, வைத்தியம், சொத்துரிமை, காடு, சுரங்கம் ஆகியவை மாகாணங்களுக்கு உரியன. மத்திய அரசு எண்ணியவுடன் எடுத்துக்கொள்ள முடியாதவை. நமது மாகாண சபைகள் 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் வந்தவை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிவுற்றபின், தேர்தல் ஆண்டாண்டாகத் தள்ளிப்போடப்பட்டே வந்ததை வாசகர் அறிவர். மொழியிலும் அப்படியே. ஐந்திலொரு பங்கினர் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட அத்தேசம், 1969இல் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் சமமான அரசகரும மொழிகளாகச் சட்டமாக்கியது. அதனால் மனத்தாங்கல் ஒழிந்துவிடவில்லை. கியூபெக் பிரிந்துபோவதா என்று 1980இலும் 1995இலும் வாக்கெடுத்தனர். இரண்டாம் முறை, பிரிவினை ஒரு வீதத்திற்குச் சற்று மேற்பட்ட வித்தியாசத்திலேதான் தோற்றது. எனினும் வாக்குப்பெட்டியை மூடியபின் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள் என்பதை, 1956க்குப் பின்னுள்ள நம் வரலாற்றைப் படிப்பிக்கும்போது நான் நினையாமல் இருப்பதில்லை.

ஆனால் அத்தேசத்தைத் தேவலோகமாக்கி எழுதவும் என் பேனா இசையாது. பூர்வகுடிப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பேரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்த கொடுமை நூறாண்டுக்கு மேல் அங்கே நடந்தது. அவற்றுள் கடைசிப் பள்ளி 1990களின் பிற்பகுதியிலேதான் மூடப்பட்டது. 2008இல் பிரதமர் பாராளுமன்றத்திலே மன்னிப்புக் கேட்டார். சீனரைக் கொண்டு 1885இல் கண்டம் கடந்த இருப்புப்பாதையை முடித்த அதே ஆண்டில், சீனர் உள்ளே வருவதற்குத் தலைவரி விதித்தார்கள். 1914இல் ‘கோமகாட்டா மாரு’ என்னும் கப்பலில் 376 இந்தியர் வன்கூவருக்கு வந்தபோது, இரண்டு மாதம் துறைமுகத்திலே நிறுத்தி, பெரும்பாலோரைத் திருப்பியனுப்பினார்கள். தோலின் நிறம் பாராது, படிப்பும் தொழிலும் பார்த்துப் புள்ளியிடும் முறை 1967இலேயே வந்தது.

அதன்பின் பத்தொன்பது ஆண்டு கழித்து, 1986 ஓகஸ்ட் 11ஆந் திகதி, நியூபவுண்லாந்துக் கரையில் மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்தன. அவற்றில் ஈழத்தமிழர் 155 பேர். கப்பலொன்று அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. கஸ் டால்ரன் என்னும் மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டு, மற்றப் படகுகளையும் அழைத்து, அனைவரையும் ஏற்றிக் கரை சேர்த்தார். எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றி அவர்கள் முதலிற் சொன்னது உண்மையன்று எனத் தெரிந்தபோது நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் அரசாங்கம் அவர்களைத் திருப்பியனுப்பவில்லை. முந்திய ஆண்டு ஏப்ரலில், கனடா மண்ணிலே அடைக்கலம் கேட்கும் எவருக்கும் நேரில் நின்று தம் வழக்கைச் சொல்லும் உரிமையுண்டென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

அன்று படகில் வந்தோரும், 1983க்குப் பின் வெவ்வேறு வழியாக வந்தோரும் பெருகி, இன்று தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் கனடாவில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். ரொறன்ரோவின் கிழக்கேயுள்ள ஸ்காபரோவில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே தெருக்களைக் கடக்கலாம் என்கிறார்கள். அப்பகுதியிலிருந்து 2011இல் ராதிகா சிற்சபைஈசன் பாராளுமன்றம் சென்றார். தமிழர் ஒருவர் அங்கே அமர்ந்தது அதுவே முதல். சனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாகக் கொள்ளும் தீர்மானத்தை 2016இல் அச்சபை ஏற்றது. தை பிறக்கும் திங்கள்தான். ஆயினும் முற்றத்திலே பொங்கமுடியாத குளிர். வீட்டுக்குள் அடுப்பிலே பொங்குகிறார்கள்.

கடையிலிருந்து திரும்பிய அன்றிரவே அந்தத் தாயாரின் வீட்டுக்குச் சென்றேன். மகனும் இருந்தான். தரகர் ஒருவர் கொடுத்த வண்ணத்தாளைக் காட்டினார்கள். கல்லூரி அனுமதி, வேலை, நிரந்தர வதிவிடம் மூன்றும் ‘உறுதி’ என்று அதில் அச்சிட்டிருந்தது. குளிருக்கு விடை எளிது என்றேன்; நல்ல மேலங்கி, சப்பாத்து, சூடேற்றிய வீடு இருந்தால் நம் பிள்ளைகள் தாங்குவார்கள்; தாங்கியிருக்கிறார்கள். தாளில் இருந்த ‘உறுதி’க்குத்தான் என்னிடம் விடையில்லை. வெளிநாட்டு மாணவர் தொகைக்கு 2024 சனவரியில் கனடா அரசு வரம்பு விதித்து, அவ்வாண்டுக்கான அனுமதிகளை மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைத்தது. அதே மாதத்திலிருந்து, கல்விக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக, ஓராண்டுச் சீவனத்துக்கு மாத்திரம் 20,635 கனடிய டொலர் கையிலிருப்பதைக் காட்டவேண்டும் என்றாயிற்று. முன்பு அது பதினாயிரமாக இருந்தது. பின்னரும் அதனை உயர்த்தினார்கள். நம் பணத்தில் நாற்பது இலட்சத்தைத் தாண்டும் தொகை அது. படித்தபின் தங்கலாமா என்பதைத் தீர்மானிப்பது அங்குள்ள அரசு, தரகரல்லர். இவற்றைச் சொல்லி, தாளில் ‘உறுதி’ என்ற சொல்லின்கீழ்க் கோடிட்டு, அதைக் கையொப்பமிட்டுத் தருவாரா என்று கேட்டுவரச் சொன்னேன்.

பையன் முகம் சுண்டிப்போயிற்று. அவன்மேல் எனக்குக் குறையில்லை. பட்டம் பெற்றும் வேலையின்றி இருக்கும் அண்ணன்மாரைப் பார்த்து வளர்ந்தவன். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமளவுக்குப் பெறுபேறு இருந்தது. முதலிற் பட்டத்தை முடி, பின்னர் உயர்கல்விக்குப் போகலாம், அப்போது புலமைப்பரிசில் கேட்கவும் வழியுண்டு என்று மட்டும் சொன்னேன். அவன் விடை சொல்லவில்லை. பழைய தேசப்படத்தை விரித்து, ரொறன்ரோவிலிருந்து வினிப்பெக் எவ்வளவு தூரம் என்று கேட்டான். தரகர் சொன்ன கல்லூரி வினிப்பெக்கில் இருந்தது; மாமனோ ஸ்காபரோவில். நேர்கோட்டிலே ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர் என்று அளந்து காட்டினேன். காங்கேசன்துறையிலிருந்து தேவேந்திரமுனைக்கு மூன்று முறைக்கு மேற் போய்வரும் தூரத்தில் பாதி. “மாமா பக்கத்தில் இருப்பார் என்றல்லவா சொன்னார்கள்?” என்றார் தாயார்.

விடைபெறும்போது, “இப்போது அங்கே நேரம் என்ன, சேர்?” என்று கேட்டார். பனிக்காலத்தில் ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னே இருக்கும். இங்கே இரவு எட்டு, அங்கே காலை ஒன்பதரை என்றேன். தம்பிக்குத் தொலைபேசி எடுக்க அது நல்ல நேரமா என்று கேட்டார். வேலைக்குப் போயிருப்பார், ஞாயிற்றுக்கிழமை எடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தரகர் கையொப்பமிடவில்லை என்று பின்னர் அறிந்தேன். பையன் இன்னும் முடிவு சொல்லவில்லை. படுவான்கரை வயலில் இந்தப் பெரும்போகத்துக்கு விதைத்திருக்கிறார்கள்.